நாணலுக்குள் கேட்ட குரைப்பு

ஆவாரங்காட்டுக் குளத்தை ஒட்டிய மேட்டில் பதினாறு வெள்ளாடுகளும் ஒரு நாயும் குடியிருந்தன. நாயின் பெயர் கருவாயன். பெயர் வைத்த காலத்தில் அதன் வாய் சட்டியின் அடிக்கரி போல் இருந்தது. இப்போது கண்ணோரம் வரைக்கும் நரைத்துவிட்டது. ஆனாலும் யாரும் பெயரை மாற்றவில்லை.

பொழுது சாயும்போது ஆடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும். அப்போது கருவாயன் குளத்தை ஒரு சுற்று சுற்றி வரும். வழுக்குப்பாறை மேல் நின்று ஒரு தடவை குரைக்கும். மருத மரத்தடியில் ஒரு தடவை. கீழ்க்கரையில், நாணல் ஆள் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும் இடத்தில் ஒரு தடவை. மூன்றையும் கேட்ட நரிகள் அன்றைக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

சுற்று முடிந்ததும் கருவாயன் மேட்டுக்கு வந்து, மந்தைக்கு முன்னால் நடக்கும் ஆட்டின் எதிரில் நிற்கும். "காவல் முடிஞ்சது, படுத்துக்கோ" என்று அந்த ஆடு சொல்ல வேண்டும். சொன்னால்தான் கருவாயன் படுக்கும். ஒரு முறை, அப்போது முன்னால் நடந்துகொண்டிருந்த ஆடு சொல்ல மறந்து தூங்கிப்போனது. விடிந்து கண்ணைத் திறந்தால், நாய் அதே இடத்தில் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. படுத்திருக்கலாமே என்று ஆடு பதறியது. "நீங்க சொல்லலையே" என்றது கருவாயன். கோபம் இல்லை. வழக்கத்தைச் சொன்னது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் மறந்ததில்லை.

இப்போது மந்தைக்கு முன்னால் நடப்பது சுட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. சுட்டி பிறந்த அன்று ஓடையில் வெள்ளம் வந்தது. ஈரம் காயாத குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு கரையேற்றியது கருவாயன்தான். அந்தப் பல்தடம் சுட்டியின் கழுத்தில் இன்றும் இருக்கிறது. அதனால் சுட்டிக்கு அதன் மேல் ஒட்டுதல் அதிகம். கருவாயன் இல்லாத ஒரு நாளை நினைத்தாலே சுட்டி மேய்வதை விட்டுவிட்டு அதைத் தேடிப் போய்விடும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் கருவாயன் வழுக்குப்பாறை மேல் ஏறி வாயைத் திறந்தது. சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மருத மரத்தடியில் அதுவும் வரவில்லை. அக்கரைப் புதரில் யாரோ கெக்கலித்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. சுட்டியின் குட்டி பொட்டு, தாயின் வயிற்றுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் சுட்டி கரிச்சானைத் தேடிப் போனது. கரிச்சான் கையளவுக் கறுப்புக் குருவி, வால் மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பருந்து மாதிரிக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை விட்டுப்போன புழுவைத் தின்று பிழைப்பது. அதற்கு வராத குரல் கிடையாது.

கருவாயன் மாதிரிக் குரைக்க வருமா என்று சுட்டி கேட்டது.

"இப்போ குரைக்கிற மாதிரியா, அந்தக் காலத்துல குரைச்ச மாதிரியா, அக்கா?"

"அந்தக் காலத்து மாதிரி."

"அப்போ உன் முதுகுல உட்கார்ந்துக்குவேன். நீ மேயும்போது கிளம்புற வெட்டுக்கிளி பூரா எனக்கு."

அன்று மாலை கருவாயன் பாறை மேல் நின்று வாயைத் திறந்தது. தலைக்கு மேலே ஒரு கிளையிலிருந்து கணீரென்று குரைப்பு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய குரைப்பு. அக்கரைப் புதர் அடங்கிப்போனது. சுற்றை முடித்து வந்து நின்ற கருவாயன், மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னிக்கு நல்லாத்தான் குரைச்சேன், இல்ல புள்ள?" என்று கேட்டது.

"ஆமாண்ணே" என்றது சுட்டி. அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. பிறகு, "காவல் முடிஞ்சது, படுத்துக்கோங்க" என்றது. கருவாயன் படுத்தது.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

மார்கழி பிறந்து பனி இறங்கியது. ஒரு விடியலில் கருவாயன் எழுந்திருக்கவில்லை. அதன் மயிர்மேல் பனித்துளி உருளாமல் நின்றது. கண்ணோரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, இமை அசையவில்லை. சுட்டி மூக்கால் இடித்துப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்தது. கடைசியில் கரிச்சானைக் குரைக்கச் சொன்னது.

கரிச்சான் குரைத்தது. கருவாயனின் காது விடைத்தது. பிறகு அதன் உடம்பு, யாரோ கயிறு கட்டி மேலே இழுத்த மாதிரி, முதலில் இடுப்பும் அப்புறம் தோளுமாக எழுந்து நின்றது. தலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு கூப்பிட்டது?" என்று கேட்டது.

சுட்டி அன்று பகல் முழுக்க யோசித்தது. படுத்ததால்தானே இப்படி ஆனது? படுக்காமலே இருந்தால்? அதற்கு அந்தக் கணக்கு சரியாகவே பட்டது. பயந்தவர்கள் போடும் கணக்கு அவர்களுக்கு எப்போதும் சரியாகவே படும்.

அன்று மாலை கருவாயன் சுற்றை முடித்து வந்து எதிரில் நின்றது. சுட்டி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"சுத்து முடிஞ்சது, புள்ள."

"இன்னும் ஒரு சுத்து போய்ட்டு வாங்கண்ணே."

கருவாயன் ஏன் என்று கேட்கவில்லை. போய்விட்டு வந்தது. இன்னும் ஒரு சுத்து என்றது சுட்டி. அதுவும் போய் வந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு சுட்டி எதுவும் சொல்லவில்லை. கருவாயன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானாகவே திரும்பி நடந்தது.

அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

மூன்று நாள் பனி விலகாமல் குளத்தின் மேல் கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. கருவாயனின் நகங்கள் பாறையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக். சத்தம் கிட்டே வரும். பனிக்குள்ளிருந்து முதலில் நரைத்த மூக்கும், அப்புறம் விலா எலும்புகளும் வெளிப்படும். மேட்டை ஒட்டி வரும்போது ஒரு மூச்சு நேரம் நிற்கும். "முடிஞ்சுதா, புள்ள?" என்று கேட்கும். இன்னும் இல்லை என்னும் சுட்டி. மறுபடி டக், டக். கரையைச் சுற்றிலும் புல் தேய்ந்து ஒரு தடம் விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் கருவாயன் கேட்பதையும் விட்டுவிட்டது. வந்து நிற்கும். போகும். கண்ணில் பால் விட்ட மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. தாய் ஆடுகள் அது வரும் சத்தம் கேட்டாலே குட்டிகளைத் திருப்பி நிறுத்திக்கொண்டன. தங்களுக்குக் காவல் நிற்கும் நாயைப் பார்த்தே மந்தை பயந்துகொண்டிருந்தது.

கூட்டத்தில் இருந்த பெரிய கிடா, தாடியைப் பாறையில் தேய்த்தபடி வந்து, பார்க்கச் சகிக்கவில்லை, அதைப் படுக்கச் சொல்லேன் என்றது.

"படுத்துட்டா யாரு சுத்துவா? நீ சுத்துவியா?" என்று கேட்டது சுட்டி.

கிடாவுக்கு உடனே ஒரு தழை கண்ணில் பட்டது. அதைக் கடிக்கப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் கரிச்சான் வந்து சுட்டியின் முதுகில் உட்கார்ந்தது. வெட்டுக்கிளி பறந்தது. கரிச்சான் அதைப் பிடிக்கவில்லை.

"அக்கா, நான் இனிமே குரைக்க மாட்டேன்."

"ஏன், வெட்டுக்கிளி பத்தலையா?"

"நேத்துப் பாறை மேல குரைச்சேன். மருத மரத்துல குரைச்சேன். அப்புறம் நாணல் பக்கமாப் பறந்தேன். நான் போய்ச் சேரல, வாயத் திறக்கல. நாணலுக்குள்ள இருந்து ஒண்ணு குரைச்சுது."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி நான் குரைச்ச பிறகுதானே வரணும்?"

கருவாயனாக இருக்கும் என்றது சுட்டி. கருவாயன் அப்போது மருத மரத்தடியில், தன் கண்ணெதிரில், வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது என்றது கரிச்சான். சுட்டி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அதற்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆடுகள் தண்ணீருக்கு இறங்கின. பனிக்குள்ளிருந்து நகச் சத்தம் வந்தது. டக், டக். சுட்டி காதைத் தீட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு சத்தம் இருந்தது. பஞ்சை மிதிக்கிற மாதிரி மெத்தென்று, ஒவ்வொரு அடியோடும் கூடவே விழுந்தது. நாலு கால் நடந்தால் இப்படிக் கேட்காது.

கருவாயனின் மூக்கு பனியிலிருந்து வெளியே வந்தது. விலா வந்தது. வால் வந்தது. வாலுக்கு ஒரு சாண் பின்னால் ஒரு நரி வந்தது.

நரி தலையைத் தாழ்த்தி, கருவாயன் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தது. கருவாயன் நொண்டினால் நரியும் நொண்டியது. கருவாயன் நின்றால் நரியும் நின்றது. அதன் நிழல் மாதிரியே வந்தது.

"சௌக்கியமா, மதினி?" என்றது நரி.

சுட்டி தரையைக் குளம்பால் உதைத்தது. "அண்ணே, பின்னாடி நரி!" என்று கத்தியது.

கருவாயன் திரும்பவில்லை. முந்தின நாளிலிருந்து அதற்குக் காது கேட்கவில்லை. கரிச்சானின் குரைப்பைத் தவிர வேறு எதுவும் அதை எட்டுவதில்லை.

"கத்தாதீங்க, மதினி. ரெண்டு நாளா அண்ணாச்சி பின்னாடிதான் நடக்குறேன். உங்க கண்ணுல படுற இடத்துல மட்டும் பனிக்குள்ள ஒதுங்கிக்குவேன். அவரு வாடை என் மேலயும் ஒட்டிக்கிச்சு. உங்காளு ஒருத்தருக்கும் மூக்குல உறைக்கல." நரி நின்று முன்காலை நக்கிக்கொண்டது. "என்னை நீங்கன்னு நினைச்சுக்கிட்டாரு, பாவம். கூட நடக்குறது யாருன்னு கண்ணு தெரியல. உங்களை ஓடையில இருந்து தூக்குன கதைய மூணு தடவ சொல்லிட்டாரு. காலு வலிக்குது புள்ளன்னாரு. படுக்கச் சொல்ல மாட்டியா புள்ளன்னு கேட்டாரு."

சுட்டி பொட்டுவைத் தேடித் தலையைத் திருப்பியது.

"நானே சொல்லியிருப்பேன், ரெண்டு வார்த்தைதானே. ஆனா அவரு படுத்துட்டா நான் யாரு பின்னாடி வர்றது? நீங்க சொல்லாம இருக்குறதுதான் எனக்கும் வசதி. அந்த வகையில நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி, மதினி."

சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்தது. தண்ணீரோரம் நின்ற பொட்டுவின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு கீழ்க்கரைப் பக்கம் இழுத்தது. சுட்டி கொம்பைத் தாழ்த்தி முட்டியது. கொம்பு காற்றைக் குத்தியது. மந்தை நாலா பக்கமும் சிதறியது. கிடா எல்லாருக்கும் முந்தி மேட்டில் ஏறி நின்றது.

சுட்டி கரிச்சானைக் கூப்பிட்டது. கரிச்சான் அதன் முதுகில்தான் இருந்தது. குரைக்க வாயைத் திறந்தது. பயத்தில் அதன் சொந்தக் குரல், கீச்சென்று மெலிந்த ஒரு குரல்தான் வந்தது.

"குரைச்சது குருவின்னு அண்ணாச்சி பின்னாடி நடந்த முதல் நாளே தெரிஞ்சுபோச்சு" என்றது நரி, பல்லிடுக்கில் குட்டியின் காலை வைத்துக்கொண்டே. இழுத்துக்கொண்டு நாணலை நெருங்கியது.

அப்போது நாணலுக்குள்ளிருந்து அது குரைத்தது.

ஒரே ஒரு தடவை. கணீரென்று, வாய் கறுத்திருந்த காலத்துக் கருவாயன் குரைத்த மாதிரி. குளத்துத் தண்ணீர் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. நரி குட்டியைப் போட்டுவிட்டு, வால் மண்ணில் இழுபட ஓடியது. பொட்டு நொண்டிக்கொண்டே தாயிடம் வந்து சேர்ந்தது. பின்னங்காலில் ரத்தம் வழிந்தது.

சுட்டி முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கரிச்சான் அலகை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுட்டி நாணலைப் பார்த்தது. காற்று இல்லை, ஒரு நாணல் தாளும் அசையவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், நாய் வாலாட்டும் உயரத்தில், நாலைந்து தாள்கள் இங்கும் அங்குமாக ஆடிக்கொண்டிருந்தன. அது எதன் குரல் என்று அந்தக் காட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கருவாயன் நின்றுவிட்டிருந்தது. இரண்டு நாளாக மடங்கிக் கிடந்த காதுகள் இரண்டும் நிமிர்ந்திருந்தன.

"என் குரல் மாதிரி இருக்கே" என்றது.

பிறகு தடத்தை விட்டு விலகி மேட்டில் ஏறியது. ஏறும்போது இரண்டு தடவை முழங்கால் மடங்கி, மறுபடி எழுந்தது. சுட்டியின் எதிரில், வழக்கமாக நிற்கும் இடத்தில், வந்து நின்றது.

"முடிஞ்சுதா, புள்ள?"

சுட்டி அதன் கால்களைப் பார்த்தது. இத்தனை நாள் முகத்தைத்தான் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்திருந்தது. கால்களையும் பார்க்கவில்லை. நகங்கள் தேய்ந்து சதையோடு சதையாக இருந்தன. பாதம் வெடித்திருந்தது. நாலு கால்களும் நாலு விதமாக நடுங்கின. இந்தக் கால்கள் வலிப்பதை ஒரு நரிதான் காதில் வாங்கியிருக்கிறது. தான் கேட்கவில்லை.

சொல்லிவிட்டால் நாளைக்குக் குளத்தைச் சுற்ற ஆள் இல்லை. பொட்டுவின் காலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. நரி திரும்பி வரும். இதெல்லாம் சுட்டிக்குத் தெரிந்தது. கருவாயனின் குரல் உடம்புக்கு முன்னாலேயே கிளம்பிப் போய் நாணலுக்குள் காத்துக்கொண்டிருக்கிறது என்றும் அதற்குப் பட்டது. மேட்டில் நிற்கும் உடம்பைப் பிடித்துவைத்திருப்பது தான்தான். அன்பால் பிடித்துவைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தது. குட்டிக்கும் தனக்கும் பயந்து பிடித்துவைத்திருந்தது.

சுட்டி அதன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனது.

"முடிஞ்சதுண்ணே. காவல் முடிஞ்சது. படுத்துக்கோங்க."

கருவாயன் அதைக் கேட்டது. எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை, ஆனால் கேட்டது. படுப்பதற்கு முன் எல்லா நாயும் செய்வதுபோல், இருந்த இடத்திலேயே மூன்று முறை சுற்றியது. அதுதான் அதன் கடைசிச் சுற்று. பிறகு ஒவ்வொரு காலாக மடக்கிப் படுத்து, தாடையைச் சுட்டியின் குளம்பு மேல் வைத்துக்கொண்டது.

சுட்டி நகரவில்லை. ஓடையில் வெள்ளம் வந்த கதையை இந்த முறை சுட்டி சொன்னது. குட்டி எப்படிக் கத்தியது, நாய் எப்படி நீந்தியது, கரையேறிய பிறகு இரண்டும் எப்படி நடுங்கின என்று ஒன்றுவிடாமல் சொன்னது. பாதிக் கதையில் குளம்பின் மேல் இருந்த தாடை கனத்தது. சுட்டி கதையை நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்தது.

நாணலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரைப்பு கேட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் வாசலில் நின்று குரல் கொடுக்கிற மாதிரி. அதன் பிறகு அங்கே எதுவும் கேட்டதில்லை.

மறுநாள் பனி விலகியது. மாலையில் சுட்டி குளத்தைச் சுற்றக் கிளம்பியது. யாரையும் கூப்பிடவில்லை. வழுக்குப்பாறை வரை போய்த் திரும்பிப் பார்த்தால், கிடா பின்னால் வந்துகொண்டிருந்தது. தழை தேடி வந்ததாகச் சொன்னது. மருத மரத்தடியில் இன்னும் மூன்று ஆடுகள் சேர்ந்துகொண்டன. கரிச்சான் உயரே உட்கார்ந்து, நரித்தலை தெரிந்தபோதெல்லாம் தன் சொந்தக் குரலில் கத்தியது. அது அத்தனை கம்பீரமாக இல்லை. ஆனால் பொய் இல்லாததால் ஆடுகள் அதை நம்பித் திரண்டு நின்றன. அந்த மாசியில் ஒரு குட்டியை நரிகள் கொண்டுபோய்விட்டன. கருவாயன் பலமாக இருந்த காலத்தில் அப்படி நடந்ததில்லை. பொட்டுவும் கடைசிவரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தது.

சுற்றை முடித்து வருகிற ஆடு எதுவானாலும் சுட்டியின் எதிரில் வந்து நிற்கும். அது மூச்சை இழுத்து விடுவதற்குள் சுட்டி சொல்லிவிடும்: "காவல் முடிஞ்சது, படுத்துக்கோ."

நமக்காக நின்று தளர்ந்த உயிரிடம் இனி போய் வா என்று சொல்ல வேண்டியது நாம்தான். அதைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதற்கு அன்பு என்று பேர் வைத்துக்கொண்டாலும், வலி அந்த உயிருக்குத்தான், பயம் நம்முடையதுதான்.